ஒன்பதாவது குரல்

இது நடந்தது. பாதியில் எழுந்து "கதை விடாதீங்க" என்று சொல்ல நினைப்பவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம், கோபமில்லை. உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். இதில் புளியமரம் கிடையாது, கொலுசுச் சத்தம் கிடையாது, நடுநிசியும் கிடையாது. நடந்தது பட்டப்பகல். அக்னி நட்சத்திரம் தொடங்கி நான்காம் நாள். சேலம் அஸ்தம்பட்டியில், பல் மருத்துவர் ஒருவருக்கு மேல்மாடியில், ஏ.சி. பழுதான ஒரு சின்ன அலுவலகம். நேரம், மதியச் சாப்பாடு. அந்த வெயிலில் மனுஷர்களே பாதிப் பேர் லீவு போட்டிருந்தார்கள். பேய் வேலைக்கு வந்தது என்றால் அதன் கடமையுணர்ச்சியைப் பாராட்டத்தான் வேண்டும்.

கதிர்வேல் அன்றைக்கு லீவு போடவில்லை. அவன் லீவு போட்டே மூன்று மாதமாகிறது.

அவன் வேலை என்னவென்றால், கோழிகளுக்கு மென்பொருள் எழுதுவது. சிரிக்க வேண்டாம். நாமக்கல் பக்கம் இப்போது முட்டைக்கோழிகளை நாலு பக்கமும் மூடிய நீளமான ஷெட்டுகளில் வளர்க்கிறார்கள். ஒரு முனையில் ஆளுயரக் காத்தாடிகள், மறுமுனையில் தண்ணீர் வழியும் அட்டைத் தடுப்பு. காத்தாடி சுற்றும்வரை உள்ளே ஏற்காடு. நின்றால் அரை மணி நேரத்தில் முப்பதாயிரம் கோழிகளும் கழுத்தைத் தொங்கப்போட்டுவிடும். அதனால் ஒவ்வொரு ஷெட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். அது சூடு, காற்று, தண்ணீர், கரண்ட் எல்லாவற்றையும் அஸ்தம்பட்டிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஏதாவது கெட்டால் கதிர்வேலின் நிரல் பண்ணைக்காரரின் செல்போனுக்குக் கூப்பிட்டுச் சொல்லும்.

முதலில் கம்ப்யூட்டர் குரலைத்தான் வைத்தார்கள். எருமப்பட்டிப் பக்கம் நாலு ஷெட் வைத்திருக்கும் அப்புசாமி அதைக் கேட்டதும் கடன் வேண்டுமா என்று கேட்கும் பேங்க்காரர்கள் என்று நினைத்துத் துண்டித்துவிட்டார். எண்ணூறு கோழி போயிற்று. "மனுசங்க பேசுற மாதிரிப் பேச வெய்யுங்க சாமி. மெசினு பேசுனா எவன் கேப்பான்?" என்றார்.

அதற்குத்தான் சண்முகப்பிரியா வந்தாள். கதிர்வேலின் மனைவி. குரல் கொடுக்க ஆள் பிடிக்கக் கம்பெனியிடம் வசதி இல்லை, வீட்டில் ஆள் இருந்தது. போன வருஷம் இதே வெயிலில், படுக்கையறைக் கதவைச் சாத்தி, இரைச்சல் விழக் கூடாதென்று காத்தாடியை நிறுத்தி, போர்வைக்குள் தலையை விட்டு எட்டு வாக்கியம் பேசினாள்.

"காத்தாடி நின்னுபோச்சுன்னு சொல்றதுக்கு ஊட்டுக் காத்தாடிய நிறுத்தோணுமா? எந்த ஊரு நாயம் இது?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எட்டு வாக்கியமும் "ஏனுங்க" என்றுதான் தொடங்கும். ஏனுங்க, காத்தாடி நின்னுபோச்சுங்க. ஏனுங்க, கரண்ட் போயிருச்சுங்க. ஏனுங்க, தண்ணி வரலீங்க. எட்டாவது மட்டும் நல்ல சேதி. "ஏனுங்க, எல்லாஞ் சரியாயிருச்சுங்க. நிம்மதியாச் சாப்புடுங்க." சாப்பிடுவதைப் பற்றி யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. அவளாகச் சேர்த்தது.

அதற்கப்புறம் ஒரு பண்ணைக்காரர்கூடப் போனைத் துண்டிக்கவில்லை. பெண்சாதி கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டால் எவன் துண்டிப்பான்? அப்புசாமியின் வீட்டம்மா மட்டும் முதல் தடவை போனைப் பிடுங்கி, "யாரு இவ?" என்று கேட்டு, பதில் வராததில் இன்னும் சந்தேகப்பட்டாராம். நாமக்கல் ஜில்லாவில் நாற்பது பேரை ஏனுங்க என்று கூப்பிடும் ஒரே பெண்டாட்டி தன்னுடையவள்தான் என்று கதிர்வேல் ஆபீசில் சொல்லிச் சிரிப்பான்.

தை மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. ஐந்தாம் நாள் இல்லை.

கதிர்வேல் அழவில்லை. அழக் கூடாது என்றில்லை, வரவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். "ஏப்பா, இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரலாமே" என்றாள் வித்யா. அவள்தான் கம்பெனியின் முதலாளி. முதலாளி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், டீக்காசும் கரண்ட் பில்லும் கட்டுகிறவள். "ஊட்டுல ஏ.சி. இல்லீங்க மேடம்" என்றான் அவன். அப்போது ஆபீஸ் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் நாள் அதுபாட்டுக்கு நடந்தது. பிரியாவின் சேலைகளைச் சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். மாசியில் படுக்கையறைக் காத்தாடி டக்... டக்... என்று சத்தம் போட ஆரம்பித்தது. எலக்ட்ரீஷியனை அடுத்த வாரம் கூப்பிடலாம் என்று விட்டுவிட்டான். ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டே மல்லாந்து தூங்குவான். விடிந்தால் சுவரைப் பார்த்துத் திரும்பியிருப்பான். அது பழைய பழக்கம். அவன் குறட்டை விட்டால் "அந்தப்பக்கம் திரும்பிப் படுங்க" என்பாள் அவள். திரும்பினால் குறட்டை நின்றுவிடும். ஆள் போனாலும் உடம்புக்குப் பழக்கம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

பண்ணைக்காரர்களுக்குத்தான் சங்கடம். செத்துப்போன பெண் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டு ஏனுங்க என்றால் யாருக்குச் சோறு இறங்கும்? இரண்டு பேர் வித்யாவிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். வித்யா கதிர்வேலிடம் அதைவிடத் தயங்கிச் சொன்னாள்.

"சரிங்க" என்றான்.

எட்டுக் குரலையும் சர்வரிலிருந்து எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு, மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான். புதுக் குரல் வரும்வரை பண்ணைகளுக்கு மெசேஜ் மட்டும் போகும். இங்கேதான் அவன் ஒரு காரியம் செய்தான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

நிரலில் ஒரு வேலை தவறினால் அந்தத் தவறைப் பிடிக்க ஓர் இடம் வைப்பார்கள். கேட்ச் என்று பெயர். கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் ஊரைக் கூட்டிக் கத்துவார்களே, இங்கேயும் அப்படித்தான். பிடித்தவுடன் இன்ன நேரம், இன்ன இடம், இன்ன தவறு என்று லாக் எனும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பிடித்த பந்தைச் சத்தமில்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால்? ஆட்டம் நடந்துகொண்டே இருக்கும், நடந்தது யாருக்கும் தெரியாது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, கேட்சைக் காலியாக விடாதே என்பதுதான் கதிர்வேலின் முதல் பாடம்.

குரல் இல்லை என்று நிரல் ஒவ்வொரு தடவையும் தவறும். அந்தத் தவறு வந்து விழ ஒரு கேட்ச் வைத்தான். காலியாக விட்டான். 'சண்முகப்பிரியாவின் குரல் கிடைக்கவில்லை' என்று லாக்கில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. பக்கத்தில் 'அடுத்த வாரம்' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தான். அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாக வரவில்லை.

இப்போது அக்னி நட்சத்திரத்துக்கு வருவோம்.

அன்று காலை புதுக் குரல் வந்துவிட்டது. வானொலியில் பேசிப் பழகிய ஒரு பெண், சுத்தமான உச்சரிப்பு. சாயங்காலம் அதை ஏற்றிவிட்டுப் பென் டிரைவை அழித்துவிடப் போவதாகக் கதிர்வேல் சொன்னான்.

"எதுக்கு அழிக்கணும்? நீ வச்சுக்கோ" என்றாள் வித்யா.

"சேலையக் குடுத்தாச்சு. இத யாருக்குங்க குடுக்கறது?"

"கதிர், அவ குரல் வேற எதுலயாவது இருக்கா?"

இல்லை. அவளுக்கு வீடியோ என்றாலே ஆகாது. கல்யாண சி.டி.யில் மேளச் சத்தம்தான் இருக்கிறது. செல்போனில் அவள் அனுப்பியதெல்லாம் எழுத்து, பாதி மளிகைச் சாமான். இந்த உலகத்தில் அவள் குரலென்று மிச்சமிருப்பது அந்த எட்டு வாக்கியம்தான்.

"ஒரு தடவை கேட்டுட்டாவது முடிவு பண்ணேன்."

"எட்டும் மனப்பாடம்ங்க மேடம்."

தை மாதத்துக்குப் பிறகு அவன் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு அப்புசாமி கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, அந்தப் புள்ள குரலத் திருப்பி வெச்சுட்டீங்களா?"

"இல்லீங்களே. மெசேஜ் மட்டுந்தானுங்க போகுது."

"நேத்து மத்தியானம் கூப்புட்டுதே! சோத்துல கை வெச்சிருந்தேன்."

"என்னன்னு சொல்லுச்சுங்க?"

"ஏனுங்கன்னுது. அப்பறம் பேச்சே இல்ல. காத்தாடி சத்தந்தான் கேட்டுது. பயந்து வெச்சுட்டேன். என்ர ஊட்டுக்காரி துன்னூறு வெச்சு உட்டா."

கதிர்வேல் லாக்கைத் திறந்தான். இந்தக் கம்பெனியில் லாக்கும் தமிழில்தான். பண்ணைக்காரர்கள் செல்போனில் பார்க்க வேண்டுமே. நேற்று அப்புசாமிக்கு எந்த அழைப்பும் போகவில்லை. எந்தத் தவறும் இல்லை. சுத்தம். கேட்சைக் காலியாக விட்டால் சுத்தமாகத்தானே இருக்கும்.

அப்போதுதான் உறைத்தது. மூன்று மாதமாக அந்த இடத்தில் என்ன விழுந்துகொண்டிருக்கிறது என்று அவனுக்கே தெரியாது.

காலி இடத்தில் ஒரு வரி எழுதினான். விழுகிற தவறை லாக்கில் எழுது என்று, அவ்வளவுதான். ஏற்றும்போது மணி 1.30. 'அடுத்த வாரம்' குறிப்பை அழித்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தான்.

1.52. திரையில் ஒரு வரி வந்தது.

"அப்புசாமி பண்ணை. ஷெட் 3. குரல் 9. கோப்பு இல்லை."

கோப்பு இல்லை என்பது சரிதான். அவன்தான் எடுத்து வைத்திருக்கிறான். ஆனால் மற்றதெல்லாம் தப்பு.

ஷெட் 3 காலி. வயதான கோழிகளை விற்றுவிட்டு, கழுவி, மருந்துப் புகை போட்டு மூடி வைப்பார்களே, அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. முந்தாநாளே மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டார்கள். பெட்டிக்கே கரண்ட் கிடையாது. எங்கிருந்து செய்தி வருகிறது?

அப்புறம் அந்த ஒன்பது.

"எட்டுதானே?" என்றாள் பின்னால் நின்ற வித்யா. கையில் தயிர்சாத டப்பா.

"எட்டுதானுங்க."

நிரல் முழுக்கத் தேடினான். ஒன்று இருந்தது. எட்டு வரை இருந்தது. ஒன்பது என்று எங்கேயும் இல்லை. இல்லாத ஒன்றை நிரல் எப்படிக் கேட்கும்?

1.53. "குரல் 9. கோப்பு இல்லை."

1.54. "குரல் 9. கோப்பு இல்லை."

ஏ.சி. இல்லாத அறை. ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு ரோட்டில் பைக்குகள். கீழே பல் டாக்டரின் மெஷின் கிர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. எல்லாம் வழக்கம்போல. நிமிஷத்துக்கு ஒரு வரி மட்டும்.

"யாராவது விளையாடறாங்களா கதிர்?"

"விளையாடற அளவுக்கு நம்மள யாருக்குங்க தெரியும்?"

சொன்னான். ஆனால் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. பயமா என்று பிற்பாடு வித்யா கேட்டதற்கு, தெரியவில்லை என்றுதான் சொன்னான். தை மாதத்திலிருந்து அவனுக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. மரத்துப்போன காலில் யாரோ கிள்ளுகிற மாதிரி... கிள்ளுவது தெரிகிறது, வலிக்கவில்லை.

2.01. "குரல் 9. கோப்பு இல்லை."

2.02. "குரல் 9. கோப்பு இல்லை."

2.03. வரவில்லை.

இருவரும் திரையையே பார்த்தார்கள்.

கீழே பல் டாக்டரின் மெஷின் நின்றது.

2.04.

"குரல் 9. கோப்பு கிடைத்தது."

வித்யா தயிர்சாத டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அழைக்கிறது. அப்புசாமி."

கதிர்வேல் சர்வரில் குரல்கள் இருந்த இடத்தைத் திறந்தான்.

காலி. ஒன்றுமில்லை.

"எடுத்தார்."

"ஒலிக்கிறது..."

"நிறுத்து கதிர்! நிறுத்து அதை!"

அவன் நிறுத்தவில்லை.

"ஒலித்தது."

அவ்வளவுதான். திரை அமைதியானது.

அப்புசாமிக்குப் போன் போட்டான். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. மறுபடி...

2.31.

"ஷெட் 3. குரல் 8. ஒலித்தது."

எட்டாவது குரல். எல்லாஞ் சரியாயிருச்சுங்க.

கதிர்வேல் டிராயரைப் பார்த்தான். பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப் பையில். திறந்தான். பென் டிரைவ் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

தொட்டான்.

சுட்டது. இப்போதுதான் எதிலிருந்தோ பிடுங்கி வைத்த மாதிரி.

அப்புசாமி கூப்பிட்டபோது மணி மூன்று. பின்னால் ஆட்கள் கத்தும் சத்தம்.

"சாமி... உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

"என்னதுங்க?"

"ஆத்தாயி உள்ள இருக்கறது!"

ஆத்தாயி அந்தப் பண்ணையில் முட்டை பொறுக்கும் அம்மா. சாப்பிட்டு முடித்ததும், காலையில் ஷெட் 3 கழுவும்போது மறந்து வைத்த டீத் தூக்குப்போசியை எடுக்க உள்ளே போயிருக்கிறார். தகரக் கூரை. காற்றில்லை. கடைசிக் கூண்டு வரிசைக்குப் பின்னால் தலைசுற்றி உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மருந்துப் புகை போட வந்த இரண்டு ஆட்கள் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் இல்லை. கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். காற்று போகும் இடுக்குகளில் சாக்கை அடைத்தார்கள். வெளியிலிருந்து குழாய் வழியாகப் புகையை விட வேண்டியதுதான் பாக்கி. விட்டிருந்தால் மறுநாள் சாயங்காலம்தான் திறப்பார்கள்.

அப்புசாமி வீட்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது.

"அந்தப் புள்ளையேதானுங்க. 'ஏனுங்க, மூணாவது ஷெட்டுக்குள்ள ஆளு இருக்குதுங்க. கதவத் தொறங்க'ன்னுது. எப்பவும் பதட்டமில்லாம பேசுமுங்களே, அப்படியேதான். நான் வேட்டியத் தூக்கிக் கட்டிட்டு ஓடுனேன். தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரி கொண்டுட்டுப் போயாச்சு. கண்ணு முழிச்சுருச்சு. அதுக்கப்பறம் மறுபடியும் கூப்புட்டு, எல்லாஞ் சரியாயிருச்சு, சாப்புடுங்கன்னுது. எனக்கு அழுகையே வந்துருச்சு சாமி."

பெரிய மீசை வைத்த அப்புசாமி போனில் அழுதார். கதிர்வேல் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஷெட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று பார்க்க அவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. சூடு தெரியும், காற்று தெரியும், தண்ணீர் தெரியும். ஆள் தெரியாது. கோழிக்குத்தான் மென்பொருள், மனுஷர்களுக்கு இல்லை. அன்று சாயங்காலம் புதுக் குரலை ஏற்றவில்லை. பென் டிரைவையும் அழிக்கவில்லை.

மறுநாள் வித்யாவின் காரில் இருவரும் போனார்கள். ஆத்தாயி அதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஊசி போட்ட பிளாஸ்திரியோடு வேப்பமரத்தடிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். தூக்குப்போசி பக்கத்தில் இருந்தது.

"பயந்துட்டீங்களா அக்கா?" என்றாள் வித்யா.

"பயப்படறதுக்கு எங்க கண்ணு நெனப்பு இருந்துச்சு? ஆனா உள்ள சூடே தெரியலீங். தலமாட்டுல ஒரு காத்தாடி ஓடுச்சு."

"மூணாவது ஷெட்டுல மெயினே இல்ல ஆத்தாயி. எங்கிருந்து காத்தாடி ஓடும்?" என்றார் அப்புசாமி.

"நீங்க உள்ள படுத்திருந்தீங்களா? நானில்ல படுத்திருந்தேன்! ஓடுச்சுங்கறேன். பெருங் காத்தாடி இல்ல, ஊட்டுக் காத்தாடி. பழசு. டக்கு டக்குன்னு ஒரே சத்தம்."

கதிர்வேல் நிமிர்ந்து பார்த்தான்.

அப்புசாமி அவனைத் தனியாக மாட்டுக்கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார்.

"சாமி, என்ர போனுல பேசறதெல்லாம் தானாப் பதிவாகும். முட்டை வியாபாரி நேத்து ஒரு வெல, இன்னிக்கு ஒரு வெல சொல்லுவான், அதுக்காவ பையன் வெச்சுக் குடுத்தது. நேத்து வந்ததும் அதுல இருக்குது. எனக்குத் திருப்பிக் கேக்கத் தைரியமில்ல. நீங்க கேக்கறீங்களா?"

கதிர்வேல் போனை வாங்கிக் காதில் வைத்தான்.

"ஏனுங்க, மூணாவது ஷெட்டுக்குள்ள ஆளு இருக்குதுங்க. கதவத் தொறங்க."

அவள்தான். மூன்று மாதத்துக்குப் பிறகு கேட்கிறான். அவள் எப்போதும் 'தொறங்க'வில் குரலை லேசாகத் தூக்குவாள். தூக்கியிருந்தாள்.

அடுத்து அப்புசாமியின் "யாரு? யாரு சாமி?" அதற்கப்புறம் சட்டைப் பையில் போன் உரசும் சத்தம், ஓடும் சத்தம், மூச்சிரைப்பு. அவர் போனை அணைக்காமலே பையில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். அழைப்பு அந்தப்பக்கம் இன்னும் முடியவில்லை.

ஓடும் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது.

கதிர்வேல் போனைக் காதோடு அழுத்தினான்.

டக்... டக்... டக்...

காத்தாடி.

அதோடு இன்னொன்று. கரகரவென்று இழுத்து இழுத்து...

குறட்டை.

அவன் தன் குறட்டையைத் தானே கேட்டதில்லை. யார்தான் கேட்டிருக்கிறார்கள்? ஆனாலும் தெரிந்தது.

அப்போது அவள் மறுபடி பேசினாள். மெதுவாக. இது அப்புசாமியிடம் சொன்னதில்லை.

"ஏனுங்க... அந்தப்பக்கம் திரும்பிப் படுங்க."

கட்டில் கிறீச்சிட்டது.

குறட்டை நின்றது.

டக்... டக்... டக்...

பதிவு முடிந்தது.

கதிர்வேல் போனைத் திருப்பிக் கொடுத்தான். மாட்டுக்கொட்டகை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் ஏதோ ஊர்வதாக நினைத்துத் துடைத்தான். கை ஈரமாயிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"என்ன சாமி, நெசமாலுமே அந்தப் புள்ளதானா?"

"ஆமாங்க."

"அப்ப அந்தக் குரலையே வெச்சிருங்க. புதுசு கிதுசு வேண்டாம். மத்த பண்ணைக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

அப்படியே வைத்தார்கள். எட்டு வாக்கியமும் இன்றைக்கும் நாமக்கல் பக்கம் நாற்பது பண்ணைகளில் ஒலிக்கிறது. யாரும் துண்டிப்பதில்லை. ஷெட்டில் புகை போடும் முன் இப்போதெல்லாம் ஆட்கள் உள்ளே போய்க் கடைசிக் கூண்டு வரை பார்த்துவிட்டுத்தான் தாழ் போடுகிறார்கள். காலியாக விட்ட கேட்சுகளைக் கதிர்வேல் தேடித் தேடி நிரப்பினான், பதினேழு இருந்தன. ஒன்பது என்ற எண் அதற்குப் பிறகு லாக்கில் வரவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி. திரும்பி வரும் வழியில், பதிவில் இருந்ததைக் கதிர்வேல் சொல்ல, ராசிபுரம் தாண்டியதும் வித்யா அதைக் கேட்டாள். "கதிர், அது போன வருஷம் உங்க வீட்ல பதிவு பண்ணப்ப தெரியாம விழுந்த சத்தமா இருக்குமோ?"

கதிர்வேல் இல்லை என்று தலையாட்டினான். பிறகு சொன்னான்.

பதிவு செய்த அன்று காத்தாடியை நிறுத்தியிருந்தார்கள். அன்றைக்கு அது நன்றாக ஓடுகிற காத்தாடி. டக் டக் சத்தம் வந்தது மாசியில்.

பிரியா போனது தையில்.

காத்தாடியை அவன் இன்னும் ரிப்பேர் செய்யவில்லை. எலக்ட்ரீஷியன் தானாகவே இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனான். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.